இருவர் இசைக்கலாம், மூவர் கூடாது: ஆங்கிலேய மதுவிடுதிப் பாட்டும் உரிமச் சட்டமும்

2005 நவம்பர் வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலிருந்த ஒரு விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுக் கேளிக்கைக்கான உரிமம் பெறாத மதுவிடுதி ஒன்றில் இருவர் வரை பாடலாம், இசைக்கலாம். மூன்றாமவர் சேர்ந்துகொண்டால் அது குற்றம். விடுதியை நடத்துபவருக்கு 20,000 பவுண்டு வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிம விதியைப் பொறுத்தவரை அந்த இருவர் எவ்வளவு பெரிய ஒலிபெருக்கியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கியே இல்லாத மூன்று வயலின்களுக்குத்தான் தடை. இதைப் ‘பாரில் இருவர்’ விதி என்று அந்நாட்டார் அழைத்தனர்.

இது நீண்ட பதிவு. சட்ட வரலாறு, இசை வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் ஆகியவற்றைப் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். இவ்விதியை ஒரு வேடிக்கையாகக் கடந்துவிடுவது எளிது. ஆனால் ஏறத்தாழ 260 ஆண்டுக் காலச் சட்ட வரலாற்றில் வைத்துப் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. யார், யாருக்கு, எதை வழங்குகிறார் என்ற கேள்வியைக் கேட்காமல் உரிமச் சட்டத்தால் இசையைப் பார்க்க இயலவில்லை. மதுவிடுதியின் இசையமர்வோ அக்கேள்விக்கு விடையில்லாத ஒரு வழக்கம். சட்டத்தின் பார்வைக்குள் அடங்காத ஒன்றுக்கு ஆவணங்களில் என்ன நேர்கிறது என்பதே என் அக்கறை.

இசையமர்வு என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘செஷன்’ என்பார்கள். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட இரவில், விடுதியின் ஒரு மூலை மேசையைச் சுற்றி நான்கு பேரோ பத்துப் பேரோ அமர்வார்கள். வயலின், குழல், கான்செர்ட்டினா, அக்கார்டியன் போன்றவை கையிலிருக்கும். மேடை இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை. ஒருவர் மெட்டொன்றைத் தொடங்க, தெரிந்தவர் சேர்ந்துகொள்வர். தெரியாதவர் கேட்டுக் கற்பர். அவர்கள் ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்திருப்பதால் விடுதியில் உள்ள மற்றவர்களுக்குப் பெரும்பாலும் முதுகே தெரியும். பாட்டமர்வானால் முறை வைத்துப் பாடுவர். பல்லவியில் விடுதி முழுவதும் சேர்ந்துகொள்ளும். சஃபோக் மாவட்டத்தில் ஈஸ்ட்பிரிட்ஜ் என்னும் சிற்றூரிலுள்ள ‘ஈல்ஸ் ஃபுட்’ விடுதியின் பாட்டிரவை ஏ. எல். லாயிடின் முயற்சியால் 1939-இல் பிபிசி வானொலி ஒலிபரப்பியது. ஷெஃபீல்டை ஒட்டிய டங்வொர்த் போன்ற ஊர்களில் நவம்பர் நடுப்பகுதி தொடங்கிக் கிறிஸ்துமஸ் முடிய, அவ்வட்டாரத்துக்கே உரிய கரோல் பாடல்களை மதுவிடுதிகளில் கூடிப் பாடும் வழக்கம் இன்றும் உண்டு. அங்கே பாடுபவர் யார், கேட்பவர் யார் என்று பிரிக்க முயல்பவர் தோற்றுப்போவார்.

சட்டத்தின் கதை 1751-இல் தொடங்குகிறது. அவ்வாண்டுக்குரியதாகக் குறிக்கப்படும் ‘ஒழுங்கீன இல்லங்கள் சட்டம்’ இலண்டன், வெஸ்ட்மின்ஸ்டர், அவற்றைச் சுற்றி இருபது மைல் எல்லைக்குள் பொது இசை, நடனம் ஆகியவற்றுக்கென வைத்திருக்கும் எந்த இடமும் நீதிபதிகளிடம் உரிமம் பெற வேண்டும் என்றது. அதன் முகவுரை தன் நோக்கத்தை மறைக்கவில்லை. திருட்டும் வழிப்பறியும் பெருகக் காரணம் கீழ்நிலை மக்களுக்கான கேளிக்கை இடங்கள் பெருகியதே என்பது அதன் வாதம். விபசார விடுதிகளையும் சூதாட்ட விடுதிகளையும் ஒடுக்கும் அதே சட்டத்தில்தான் இசைக்கும் இடமளிக்கப்பட்டது. ‘டாம் ஜோன்ஸ்’ நாவலாசிரியரும் போ ஸ்ட்ரீட் நீதிபதியுமான ஹென்றி ஃபீல்டிங் 1751-இன் தொடக்கத்தில் கொள்ளையர் பெருக்கத்தின் காரணங்களை ஆராய்ந்து வெளியிட்ட நூலும் ஏறக்குறைய இதையே பேசுகிறது. ஏழைகள் தம் நிலைக்கு மீறிக் கேளிக்கையில் இறங்குவதே அவருக்குப் பெருங்கவலை. பெரிய அரங்குகளான ட்ரூரி லேன், கோவன்ட் கார்டன் ஆகியவற்றை அச்சட்டம் தொடவில்லை. செல்வர் கேட்கும் இசை வேறு, உழைப்பாளி கேட்கும் இசை வேறு என்ற பிரிவினை உரிமத்தின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டை விரைந்து கடக்கலாம். 1852-இல் சார்லஸ் மார்ட்டன் என்பவர் லாம்பெத்தில் தம் மதுவிடுதியை ஒட்டிக் ‘கேன்டர்பரி’ இசைக்கூடத்தைத் திறந்தார். இத்தகைய இசைக்கூடங்கள் பெருகியபோது வணிக இசை விடுதியின் மேசையிலிருந்து எழுந்து தனிக் கூடத்துக்கும் மேடைக்கும் போயிற்று. மேடை இருந்தால் சட்டத்துக்கு வசதி: வழங்குபவர் ஒருபுறம், பெறுபவர் மறுபுறம். 1888-இன் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பின் இலண்டனில் இவ்வுரிமம் மாவட்ட மன்றத்தின் கைக்குச் சென்றது. தலைநகருக்கு வெளியே, விரும்பும் உள்ளாட்சிகள் ஏற்றுக்கொள்ளத்தக்க ஏற்பாட்டை 1890-இன் பொதுச் சுகாதாரத் திருத்தச் சட்டம் தந்தது. குற்றத்தடுப்பாகத் தொடங்கிய ஒன்று சுகாதாரம், தீத்தடுப்பு, பாதுகாப்பு என்ற நிர்வாக மொழிக்கு மாறியது. விடுதி மேசையில் நிகழ்ந்த பாட்டோ எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் தன்பாட்டில் தொடர்ந்தது.

‘பாரில் இருவர்’ விதி தோன்றியது 1961-இன் உரிமச் சட்டத்தில். 1964-இன் தொகுப்புச் சட்டத்தில் 182-ஆம் பிரிவாக அது நிலைபெற்றது. அது தோன்றியது தடையாக அன்று, சலுகையாகவே என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். உரிமமின்றி எந்த இசையும் கூடாது என்ற பொதுநிலையிலிருந்து, வானொலி, பதிவு செய்த இசை, இருவருக்கு மேற்படாத கலைஞர் ஆகியவற்றுக்கு விலக்களித்த பிரிவு அது. பியானோ வாசிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்ற அக்கால விடுதிக் காட்சியை அது மனத்தில் கொண்டிருக்கலாம். ஜூக்பாக்ஸ் எவ்வளவு முழங்கினாலும் விலக்கு உண்டு. ஒலியை அளவிடும் கருவியாகத் தலையெண்ணிக்கையை ஏற்றபோது, அமைதியான கூட்டிசை குற்றமாயிற்று. இரைச்சலான தனியிசை சட்டபூர்வமாயிற்று.

அதே காலத்தில்தான் மதுவிடுதிகளில் ஐரிஷ் இசையமர்வு வலுப்பெற்றது. இங்கே அயர்லாந்தின் பக்கம் சற்றுத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஐரிஷ் சுதந்திர அரசு 1935-இல் ‘பொது நடனக்கூடச் சட்டம்’ இயற்றிப் பொது நடனங்களுக்கு மாவட்ட நீதிமன்ற உரிமத்தைக் கட்டாயமாக்கியது. சட்டத்தின் சொற்கள் பொது நடனத்தையே குறித்தன. ஆயினும் ஊர்ப் பாதிரியாரும் காவலரும் அதைக் காட்டி வீட்டு அடுக்களைகளிலும் நாற்சந்திகளிலும் நடந்த ஆட்டங்களையும் ஒடுக்கினர் என்பதை இசைக்கலைஞர்களின் வாய்மொழி நினைவுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கிளேர் மாவட்டத்து வயலின் கலைஞர் ஜூனியர் கிரேஹன், அச்சட்டம் தம் மரபின் பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டதாகக் கருதினார். பின்னர் பிழைப்புத் தேடி இலண்டன் சென்ற ஐரிஷ் தொழிலாளருக்கு நெருக்கடியான வாடகை அறையில் கூடி இசைக்க இடமில்லை. அவர்கள் கேம்டன் டவுன், ஹாலோவே போன்ற பகுதிகளின் மதுவிடுதிகளில் கூடினர். ஹாலோவேயின் ‘ஃபேவரிட்’ விடுதியில் பதிவான இசைத்தட்டை டாபிக் நிறுவனம் 1968-இல் வெளியிட்டது. ஒரு நாட்டின் உரிமச் சட்டம் அடுக்களையிலிருந்து விரட்டிய இசை, இன்னொரு நாட்டின் விடுதிக்கு வந்து, அங்கே இன்னோர் உரிமச் சட்டத்தின் தலையெண்ணிக்கைக்குள் சிக்கியது.

பல்லாண்டுகள் பெரிய தொல்லையில்லை. விடுதிக்காரர் கண்டுகொள்ளவில்லை, உள்ளாட்சியும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் கண்டும் காணாமல் விடுதல் உரிமையாகிவிடாது. அதிகாரி மாறினால் அதுவும் மாறும். இருவர் வாசித்து முடித்து வேறு இருவர் அமர்ந்தால் அது இருவரா, நால்வரா? பல்லவியில் சேர்ந்து பாடும் வாடிக்கையாளர் ‘கலைஞர்’ ஆவாரா? இக்கேள்விகள் உள்ளாட்சி அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் மெய்யாகவே எழுந்தன. ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே மது விற்பனைக்கு அனுமதித்த நேரத்துக்குள் விடுதியில் இசைக்கத் தனியான கேளிக்கை உரிமம் தேவைப்படவில்லை. எல்லைக்கு வடக்கே ஒழுங்கு குலைந்துவிடவில்லையே என்று இசைக்கலைஞர்கள் கேட்டதற்கு நிறைவான விடை வரவில்லை.

2002 நவம்பரில் புதிய உரிம மசோதா பிரபுக்கள் அவையில் அறிமுகமானது. அரசின் தரப்பை நியாயமாகச் சொல்ல வேண்டும். பழைய முறையில் கேளிக்கை உரிமத்துக்கான ஆண்டுக் கட்டணம் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி வேறுபட்டது. சில இடங்களில் சிறு விடுதிகளால் தாங்க இயலாத அளவு. புதிய மசோதா மது, கேளிக்கை, இரவு உணவு எல்லாவற்றையும் ஒரே உரிமத்தில் அடக்கியது. மதுவுக்கு விண்ணப்பிக்கும்போதே இசைக்கும் சேர்த்து விண்ணப்பித்தால் கூடுதல் கட்டணமில்லை என்றது அரசு. ஆனால் பாரில் இருவர் விலக்கை அது அடியோடு நீக்கியது. மூவருக்கு மட்டுமே இருந்த தடை இனித் தனியாளுக்கும் உண்டு. மூலையில் அமர்ந்து ஒருவர் கித்தார் மீட்டினாலும் உரிமம் வேண்டும். அத்துறையின் இளைய அமைச்சராக இருந்த கிம் ஹவல்ஸ், சாமர்செட்டின் நாட்டுப்புறப் பாடகர் மூவரைக் கேட்க நேர்வது தமக்கு நரகம் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசியதை இசைக்கலைஞர்கள் நெடுநாள் மறக்கவில்லை.

இசைக்கலைஞர் சங்கமும் நாட்டார் இசை அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தன. ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஹேமிஷ் பர்ச்சால் சட்டப் பிரிவுகளை வரிவரியாக அலசி வாதிட்டுவந்தார். பிரபுக்கள் அவை சிறு நிகழ்ச்சிகளுக்கு விலக்குக் கோரித் திருத்தம் செய்ய, காமன்ஸ் அவை அதை நிராகரிக்க, மசோதா இரு அவைகளுக்கும் இடையே அலைந்தது. இறுதியில் 2003 ஜூலை 10 அன்று அரச ஒப்புதல் பெற்று, 2005 நவம்பர் 24 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் முதல் இணைப்புப் பட்டியலை வாசிக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பண்பாட்டைச் சட்டம் எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடநூல் அரிது. பார்வையாளர் முன்னிலையில், அவர்களை மகிழ்விக்கும் நோக்கத்தோடு நிகழ்த்தப்படுவதே ‘ஒழுங்குபடுத்தப்பட்ட கேளிக்கை’. விலக்குகளின் வரிசையைப் பாருங்கள். தொலைக்காட்சி, வானொலி நேரலைக்கு விலக்கு. ஆகவே பெருந்திரையில் கால்பந்து காட்டி விடுதியே அதிரலாம். வழிபாட்டுக்கு விலக்கு. ஓடும் வாகனத்தில் நிகழும் இசைக்கு விலக்கு. மோரிஸ் நடனத்துக்கும் அதனோடு இணைந்த ஒலிபெருக்காத இசைக்கும் விலக்கு. மணிகள் கட்டி ஆடும் அந்த ஆட்டம் ஆங்கிலேய மரபின் அடையாளம் என்பதால் எதிர்ப்பின் சூட்டைத் தணிக்க இச்சலுகை உதவியது. ஆட்டக்காரர் ஆடும்வரை அவர்களுடைய இசைக்கு உரிமம் வேண்டா. ஆட்டம் முடிந்து அதே கலைஞர்கள் உள்ளே சென்று அமர்ந்து, கேட்போரை மகிழ்விக்க அதே மெட்டை வாசித்தால் வேண்டும்.

இன்னொன்று, ‘கேளிக்கை வசதிகள்’ என்ற வகை. இசைப்பதற்குரிய வசதியைப் பொதுமக்களுக்குத் தருவதே தனியாக உரிமத்துக்குரிய செயலாயிற்று. எனவே விடுதியின் சுவரோரம் தலைமுறைகளாக நின்ற பியானோ, வந்தவர் வாசிக்கட்டும் என்று திறந்து வைக்கப்பட்டால், யாரும் வாசிக்கும் முன்பே சட்டச் சிக்கலுக்குரிய பொருள்.

இசையமர்வுக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன, இரண்டும் குறுகியவை. ஒன்று, வேறொரு செயலுக்குத் துணையாக ஒலிக்கும் இசைக்கு விலக்கு உண்டு. குடிப்பதும் பேசுவதும் முதன்மை, இசை துணை என்று வாதிடலாம். அதைத் தீர்மானிப்பவர் உள்ளூர் அதிகாரி. இரண்டு, தன்னிச்சையாக எழும் பாட்டும் ஆட்டமும் கேளிக்கை வழங்கலாகாது என்று அரசின் வழிகாட்டுக் குறிப்பு கூறியது. ஆனால் இசையமர்வு தன்னிச்சையானதா? ஒவ்வொரு வாரமும் அதே கிழமை, அதே மேசை. எந்த மெட்டு, யார் தொடங்குவார் என்பதே தீர்மானிக்கப்படாதது. வழக்கம் என்ற சொல்லின் பொருளே இதுதான்: நேரம் தெரியும், நிகழ்வு தெரியாது. ஏற்பாடு செய்த நிகழ்ச்சி ஒருபுறம், திடீர் உந்துதல் மறுபுறம் என்று இரண்டே பெட்டிகள் வைத்திருந்த சட்டத்தில் வழக்கத்துக்கு மூன்றாவது பெட்டி இல்லை.

விளைவு என்ன? இங்கேதான் வரலாற்றாய்வாளரின் இடர்ப்பாடு தொடங்குகிறது. உரிமத்தில் மாற்றம் கோர நாளிதழ் விளம்பரம், காவல்துறை முதலிய பல அலுவலகங்களுக்கு நகல், 28 நாள் ஆட்சேபக் காலம் என்று நடைமுறை நீண்டது. வாரம் ஆறு பேர் கூடும் மேசைக்காக இதைச் செய்வானேன் என்று எண்ணும் விடுதிக்காரர் “இனி வேண்டாம்” என்று ஒரு சொல் சொன்னால் போதும். எந்த உரிமமும் ரத்தாகவில்லை, எந்த விண்ணப்பமும் மறுக்கப்படவில்லை, எந்த வழக்கும் பதிவாகவில்லை. புள்ளிவிவரத்தில் அவ்விழப்பு தோன்றவே தோன்றாது. மாறாக, ஒருங்கிணைந்த உரிமத்தில் இசைக்கும் சேர்த்து அனுமதி பெற்ற விடுதிகளின் எண்ணிக்கையைக் காட்டி நேரடி இசை செழிக்கிறது என்றும் வாதிடலாம். அனுமதிகளை எண்ணுபவர் இசையை எண்ணவில்லை. இழந்தது ஒரு நிகழ்ச்சி மட்டுமானால் வேறிடத்தில் நடத்திக்கொள்ளலாம். மூத்த கலைஞரின் அருகே அமர்ந்து, பிழையாக வாசித்தும் வெட்கப்படாமல், செவிவழி கற்கும் இடம் அது. குறிப்பேடு இல்லாத ஒரு மரபுக்கு அந்த மேசையே பள்ளி.

2004-இல் அமைந்த நேரடி இசை மன்றத்துக்குப் பாடகர் ஃபியர்கல் ஷார்க்கி தலைமை வகித்தார். அதன் அறிக்கை 2007-இல் வந்தது. 2009 மே மாதம் காமன்ஸ் அவையின் பண்பாட்டுக் குழு, 200 பேருக்குட்பட்ட சிறு இடங்களுக்கு விலக்களிக்கவும் பாரில் இருவர் விலக்கை மீட்கவும் பரிந்துரைத்தது. இலண்டன் காவல்துறையின் ‘படிவம் 696’-ஐக் கைவிட வேண்டும் என்றும் அதே குழு கூறியது. நிகழ்ச்சிகளின் ஆபத்தை மதிப்பிடுவதாகச் சொன்ன அப்படிவம், என்ன வகை இசை என்று கேட்டது. தொடக்கத்தில் வருவோரின் இனக்குழுவையும் கேட்டது. அது 2017-இல்தான் கைவிடப்பட்டது. 1751-இன் முகவுரையில் ‘கீழ்நிலை மக்கள்’ இருந்த இடத்தில் 21-ஆம் நூற்றாண்டில் யார் வைக்கப்பட்டனர் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இறுதியில் பிரபு கிளெமென்ட்-ஜோன்ஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா, நேரடி இசைச் சட்டமாக 2012 மார்ச் 8 அன்று ஒப்புதல் பெற்று, அக்டோபர் 1 முதல் செயலுக்கு வந்தது. காலை 8 முதல் இரவு 11 வரை ஒலிபெருக்காத இசைக்கு எங்கும் உரிமம் வேண்டா. மது உரிமமுள்ள விடுதியில் 200 பார்வையாளர் வரை ஒலிபெருக்கிய இசைக்கும் வேண்டா. 2015 ஏப்ரலில் அவ்வரம்பு 500 ஆயிற்று. ‘கேளிக்கை வசதிகள்’ என்ற வகை ஒழிந்தது, பியானோவுக்கு விடுதலை. தொல்லை ஏற்பட்டால் உரிம மறுஆய்வின் மூலம் விலக்கைத் திரும்பப் பெறலாம். வானம் இடிந்து விழும் என்று அஞ்சியவர்களின் அச்சம் பலிக்கவில்லை.

இது வரவேற்கத்தக்க சட்டம். ஆனாலும் அது மூலக் கேள்வியைத் தீர்த்துவிட்டதாக நான் கருதவில்லை. முதலில் வகுப்பைக் கொண்டும், பிறகு தலையெண்ணிக்கையைக் கொண்டும், பிறகு நோக்கத்தைக் கொண்டும் இசையை அளந்த சட்டம், இப்போது கடிகாரத்தையும் கூட்டத்தின் அளவையும் கொண்டு அளக்கிறது. வட்டமாக அமர்ந்து வாசிக்கும் எண்மரின் முதுகுக்குப் பின்னே அமர்ந்திருப்போர் ‘பார்வையாளர்’ தாமா என்ற கேள்விக்கு இன்றும் விடையில்லை. இரவு 11 மணிவரை அவ்விடை தேவைப்படாதவாறு செய்ததே 2012-இன் நன்மை.

இந்திய ஆய்வாளர்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு உரிமம் கோரும் சென்னை மாகாணச் சட்டம் 1888-இல் வந்தது. ‘தமிழ்நாடு’ என்ற பெயரேற்று அது விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. கேளிக்கை இடங்களுக்கான அனுமதியைக் காவல்துறையின் கையில் வைக்கும் விதிகள் பிற மாநிலங்களிலும் உள்ளன. இவற்றை ஆராயும்போது, உரிமப் பேரேட்டில் இருப்பவற்றை மட்டும் கொண்டு ஒரு நகரத்தின் இசை வாழ்வை எழுதிவிடலாகாது என்பதையே இங்கிலாந்தின் இவ்வரலாறு எச்சரிக்கிறது. பேரேடு, வழங்குபவரும் கட்டணமும் வாயிற்கதவும் உடையவற்றையே அறியும். உரிமம் கேட்காமல் நடந்தவை முறையீட்டு மனுக்களிலும், தண்ட அறிவிப்புகளிலும், முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கும். எதுவும் பதிவாகாத ஆண்டுகள் இசை அழிந்த ஆண்டுகளாகவும் இருக்கலாம், யாரும் தொந்தரவு செய்யாததால் நிம்மதியாக நடந்த ஆண்டுகளாகவும் இருக்கலாம். ஆவணத்தில் இரண்டும் ஒரே வெற்றுப் பக்கம். அவற்றைப் பிரித்தறிய, அந்த மேசையில் அமர்ந்தவர்களில் உயிரோடிருப்பவர்களைத் தேடிச் சென்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கான காலமும் குறைந்துகொண்டே வருகிறது.